லைசென்ஸ் வந்த மகனை நண்பர்களோடு ஏற்காட்டுக்கு விடலாமா?

புது லைசென்ஸ் வாங்கிய மகன் இரவில் ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் சட்டத்தில் தடை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, புது லைசென்ஸ்காரன் இரவில் ஓட்டக்கூடாது, நண்பர்களை ஏற்றக்கூடாது என்று தடுக்க நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. 'எல்' போர்டும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஆளும் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) காலத்தோடு சரி. நியூசிலாந்தில் இடைநிலை லைசென்ஸ்காரர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்ட முடியாது, இங்கேயும் அது வரட்டும் என்பேன். அதுவரை வீட்டில் நீங்கள்தான் ஆர்டிஓ.

நீங்கள் எழுதியபடி ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகல் வாடை வந்ததென்றால், பையன் மேல் கியரிலோ நியூட்ரலிலோ பிரேக்கை மிதித்தபடியே வந்திருப்பான். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் அப்படி மிதித்தால் எந்த பிரேக் பேடு தாங்கும்?

நண்பர்களோடு விடுமுன், ஒரு வார நாள் காலையில் நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். ஏறிய கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவது, இறங்கச் சொல்லுங்கள். அப்புறம், ஏறி வரும் பஸ்ஸுக்கு யாரும் சொல்லாமலே நின்று வழிவிடுகிறானா என்று பாருங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது, அதுதான் கஷ்டம்.

அப்படி இறங்கியும் வாடை வந்தால் பையனைத் திட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவனுடைய 17 வயதுத் தம்பியிடம் மட்டும் சாவி போகவே கூடாது. மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உங்களுக்குத்தான்.