பகிர்வு டெஸ்ட்பெட்டில் விஎம்களை இணைத்தல்: கேள்வி பதில்

கேள்வி: பலர் பகிர்ந்து பயன்படுத்தும் சோதனைக்களத்தில் (டெஸ்ட்பெட்) ஏ, ஆர், பி என மூன்று விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்). ஆர் நடுவில் ரவுட்டர். ஏ-யிலிருந்து ஆர்-க்கு பிங் போகிறது, பி-க்குப் போகவில்லை.

பதில்: லிங்க் சரிதான், ரூட்தான் இல்லை. ஏ 10.10.1.1, ஆர் 10.10.1.2 மற்றும் 10.10.2.1, பி 10.10.2.2, எல்லாம் /24 என்று வைத்துக்கொள்வோம். ஆர்-இல் ஐபி ஃபார்வர்டிங்கை (ஒரு நெட்வொர்க்கில் வந்த பாக்கெட்டை அடுத்ததற்குக் கடத்துவது) 1 ஆக்குங்கள். லினக்ஸில் அது இயல்பாக 0. ஏ-யில் 10.10.2.0/24-க்கு வழி 10.10.1.2 என்றும், பி-யில் 10.10.1.0/24-க்கு வழி 10.10.2.1 என்றும் கொடுங்கள். இந்தக் கடைசி ரூட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் பாக்கெட் பி வரை போய்ச் சேரும். பதிலோ டீஃபால்ட் ரூட்டைப் பிடித்துக் கன்ட்ரோல் நெட்வொர்க்கில் (நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக விஎம்முக்குள் நுழையும் நெட்வொர்க்) காணாமல் போகும். பி-யில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டினால் கோரிக்கை வருவது கண்ணில் படும். டீஃபால்ட் ரூட்டை மட்டும் தொடாதீர்கள்.

கேள்வி: தொட்டுவிட்டேனே! எஸ்எஸ்எச் அறுந்துவிட்டது.

பதில்: கட்டளையில் போட்ட ரூட் ரீபூட்டில் போய்விடும், டெஸ்ட்பெட் பக்கத்திலிருந்து ரீபூட் கொடுங்கள். கோப்பில் எழுதி வைத்திருந்தால், எஸ்எஸ்எச் இல்லாமலே விஎம்மைத் திறக்கும் கன்சோல்தான் வழி.

கேள்வி: லிங்க்குக்கு 100 எம்பிபிஎஸ் கேட்டேன், ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) 940 காட்டுகிறது. நல்லதுதானே?

பதில்: இல்லை. 940 என்பது ஒரு ஜிகாபிட் ஈதர்நெட்டில் டிசிபி எட்டும் வேகம். உங்கள் டிராஃபிக் பெரும்பாலும் கன்ட்ரோல் நெட்வொர்க்கில் ஓடுகிறது. கிளவுட்லேப் என்ற டெஸ்ட்பெட்டில் விஎம்மின் குறும்பெயர் சோதனை லிங்க்கின் முகவரியையும், முழுப்பெயர் கன்ட்ரோல் முகவரியையும் தரும். பெயரை விட்டு 10.10 முகவரியைக் கொடுத்து ஓட்டுங்கள். எல்லாருக்கும் பொதுவான நெட்வொர்க்கை நிரப்பினால் நிர்வாகிகள் உங்கள் சோதனையை நிறுத்தவும் கூடும்.

கேள்வி: இரண்டு தளங்களுக்கு இடையே விஎக்ஸ்லேன் டனல் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் இணைப்பு). பிங் போகிறது, கோப்பு அனுப்பினால் உறைந்துவிடுகிறது.

பதில்: எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுதான் காரணம். விஎக்ஸ்லேன் தலைப்புகளே 50 பைட். அடியில் 1500 என்றால் உள்ளே 1450தான். துண்டாக்கத் தடைபோட்டு 1422 பைட் பிங் அனுப்புங்கள், தலைப்பு 28 சேர்ந்து 1450. அது போய் 1423 போகாவிட்டால் காரணம் உறுதி. இரு முனை இன்டர்ஃபேஸிலும் எம்டியூவை 1450 ஆக்குங்கள்.

கேள்வி: நெட்எம் (லினக்ஸில் செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் கருவி) வைத்து 100 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்ததும் வேகம் படுத்துவிட்டது.

பதில்: நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டை மட்டுமே தாமதிக்கும். ஒரு முனையில் 100 போட்டால் போய்வரும் நேரத்தில் 100 கூடும். இரு முனையிலும் போட்டால் 200. ஆனால் வேகம் விழ வழக்கமான காரணம் வேறு: அதன் வரிசை இயல்பாக 1000 பாக்கெட்தான் கொள்ளும். ஒரு ஜிகாபிட்டில் 100 மில்லிசெகண்டுக்கு 12.5 எம்பி, அதாவது 1500 பைட் அளவில் சுமார் 8300 பாக்கெட் காத்திருக்க வேண்டும். மீதியை அது கொட்டிவிடும், டிசிபி அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு சுருங்கும். அந்த வரிசையின் லிமிட்டை 20000 என்று கொடுங்கள். டிசிபி பஃபரின் உச்சவரம்பும் அந்த 12.5 எம்பிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் லிமிட்டை ஏற்றியும் பலனில்லை.

கேள்வி: இரண்டு விஎம்களும் ஒரே ஹோஸ்ட்டில் (விஎம்கள் ஓடும் நிஜக் கணினி) விழுந்தால்?

பதில்: ரூட்டிங் பழக அது போதும். வேகம் அளக்கக் கூடாது: பாக்கெட் கம்பிக்கே போகாது, கிடைக்கும் எண் அந்த ஹோஸ்ட்டின் சிபியூவைப் பொறுத்தது. அளவீடு என்றால் தனித்தனி ஹோஸ்ட் கேளுங்கள்.

கேள்வி: நேற்று வைத்த கோப்புகள் இன்று இல்லை.

பதில்: ஒதுக்கீடு காலாவதி ஆகியிருக்கும். கிளவுட்லேபில் இயல்பாக 16 மணி நேரம்தான். நீட்டிப்பை முன்கூட்டியே கேட்க வேண்டும். அமைப்பு முழுவதையும் ஸ்கிரிப்ட்டாக எழுதி வெளியே வைத்திருங்கள், முடிவுகளை அன்றன்றே இறக்கிக்கொள்ளுங்கள்.