அந்த 22 நாள் எந்தக் கணக்கில் வரும்?

கேள்வி: வெள்ளம் வடிந்ததும் ‘சேதம் இத்தனை ஆயிரம் கோடி’ என்கிறார்கள். அதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? 2015 டிசம்பரில் அடையாற்றுத் தண்ணீர் புகுந்து என் தையல் கடை 22 நாள் மூடிக் கிடந்தது. அதுவும் அதில் சேருமா சார்?
– ஒரு வாசகி, ஜாபர்கான்பேட்டை

பதில்: பெரும்பாலும் சேர்ந்திருக்காது அம்மா. இருபது வருடம் பொருளாதாரப் பாடம் நடத்தியவன் நான். இதைச் சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது.

மெஷின் கெட்டது, துணி நாறியது: இது சேதம். 22 நாள் கூலி வராதது இழப்பு. இரண்டையும் தனித்தனியாக எடுக்கும் முறையை ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையம் 1970-களிலேயே உருவாக்கியது. சேதம் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். இழப்பு, நீங்கள் கடை திறக்கும்வரை ஏறிக்கொண்டே போகும்.

சேதத்தைக் கணிக்கத் தண்ணீரின் உயரம்தான் முக்கியம். உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் அளவு தண்ணீர் என்றால் துடைத்துவிட்டுத் தைக்கலாம். முழங்காலைத் தாண்டினால் மேஜைக்கடியில் தொங்கும் மோட்டார் போச்சு. இடுப்பளவு வந்தால் மெஷினின் தலையும் போச்சு. இப்படி எவ்வளவு ஆழத்துக்கு எவ்வளவு சேதம் என்று ஒரு கோடு வரைந்து, அந்தப் பகுதியில் உள்ள கட்டடங்களின் எண்ணிக்கையோடு பெருக்குவார்கள். காப்பீட்டு நிறுவனங்கள் அதற்கு மேல் ஒன்று பார்க்கும்: பாலிசி இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் கணக்கில் உங்கள் கடையே கிடையாது.

இழப்பு இன்னும் சிக்கலானது. என் அண்ணனுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. அது நின்றதும் அவரிடம் பாகம் வாங்குகிறவருக்கும் வேலை நின்றது, இரும்பு தருகிறவருக்கும் வியாபாரம் நின்றது. யார் யாரிடம் எவ்வளவு வாங்குகிறார்கள் என்ற அட்டவணையை வைத்து இந்தச் சங்கிலியைக் கணக்கிடலாம். அந்த முறைக்காகத்தான் பொருளாதார அறிஞர் லியோன்டியெஃப் 1973-ல் நோபல் வாங்கினார். ஆனால் அது, ஒருவர் நின்றால் அவருக்கு மாற்றே கிடையாது என்று வைத்துக்கொள்ளும். அண்ணனோ பாதி ஆர்டரைக் கோவை நண்பருக்குத் தள்ளிவிட்டார். சென்னைக்கு அது இழப்பு, தமிழ்நாட்டுக்கு இல்லை. அதனால் அந்த முறையில் தொகை கூடுதலாக வரும். விலை மாறினால் எல்லோரும் சுலபமாக வேறு வழி தேடிக்கொள்வார்கள் என்று நம்பும் கணக்கீட்டு முறைகளும் உண்டு. அவற்றில் தொகை குறைந்துவிடும்.

இன்னொன்று. நீங்கள் வாங்கிய புது மெஷின் இங்கே தயாரானது என்றால் மாநில உற்பத்திக் கணக்கில் வரவாக ஏறும், பழையது போனதை அதில் கழிக்க மாட்டார்கள். வெள்ளத்துக்கு அடுத்த வருட வளர்ச்சியைக் காட்டி ‘மீண்டுவிட்டோம்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அண்ணன் பட்டறைச் சுவரில் 2015-ன் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 4 அடி 7 அங்குலம். உங்கள் கடையிலும் கோடு இருந்தால் அளந்து, அந்த 22 நாள் வரவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.