ஊர் ஒரே பக்கம் நிற்பது எதனால்? (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

விவசாயத்தை நம்பிய ஒரு சிற்றூரில் வளர்ந்தவன் நான். எத்தனை தேர்தல் வந்தாலும் அங்கே பத்தில் ஏழு வாக்குகள் ஒரே கட்சிக்கு விழுகின்றன. அக்கட்சியால் ஊருக்குப் பெரிய நன்மை எதுவும் விளைந்ததாகத் தெரியவில்லை. நகரத்து மக்கள் யோசித்து வாக்களிக்கிறார்கள், சிற்றூர் மக்கள் பழக்கத்தால் வாக்களிக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். இது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

சரியல்ல என்றே கருதுகிறேன். பழக்கம் உண்டு, ஆனால் அது எல்லா வாக்காளர்களுக்கும் பொதுவானது. 1940-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) அதே வாக்காளர்களை மே முதல் நவம்பர் வரை திரும்பத் திரும்பச் சந்தித்து விசாரித்தார்கள். பிரசாரத்தைக் கேட்டு எதிர்ப்பக்கம் போனவர்கள் மிகச் சிலர். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு பக்கம் வாக்களிப்பதும் அரிதாகவே இருந்தது. ஆகவே, பழக்கத்தைக் கொண்டு நகரத்தையும் சிற்றூரையும் பிரிக்க முடியாது.

உண்மையான வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. சிற்றூரில் வாக்கின் இரகசியம் மெலிந்தது. 1868 பொதுத்தேர்தலில், நிலக்கிழார்களின் விருப்பத்துக்கு மாறாக லிபரல் கட்சிக்கு வாக்களித்த வேல்ஸ் பகுதிக் குத்தகை விவசாயிகள் சிலர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அன்று பிரிட்டனில் வாக்கு என்பது எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்வது. அந்த வெளியேற்றங்கள் எழுப்பிய கண்டனமும் சேர்ந்துதான் 1872-ல் இரகசிய வாக்குச் சட்டம் வந்தது (ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் 1856-லேயே இதைச் செய்துவிட்டன). ஆனால் மறைவாக முத்திரையிடுவது தனிமனிதரை மட்டுமே காக்கிறது. சில நூறு பேர் வாக்களித்த ஒரு வாக்குச்சாவடியின் கணக்கு தனியாக வெளியாகும்போது, இன்னார் யாருக்குப் போட்டார் என்பது தெரியாவிட்டாலும், இந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. சாலையும் குடிநீரும் தெருவுக்குத்தான் வருகின்றன, தனிமனிதருக்கு அல்ல. பிரிட்டனில் வெவ்வேறு பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்த பிறகே எண்ணுகிறார்கள். இந்தியாவில் பல சாவடிகளின் வாக்குகளைச் சேர்த்துக் கணக்கிடும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-ல் தனது 255-ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தச் சாவடி கைகொடுத்தது, எது கைவிட்டது என்று தெரிந்துகொள்வதில் கட்சிகளுக்கு உள்ள ஆர்வத்தை நினைத்தால், இதில் வியப்பு ஏதுமில்லை.

இப்படிப் பார்க்கப்படும் ஊரில், வெல்லக்கூடிய பக்கம் நிற்பது அறியாமையாகாது. அங்கே கட்சி என்பது கொள்கை அறிக்கையாக வருவதில்லை. மருத்துவமனையில் படுக்கை வாங்கித் தரும், காவல் நிலையத்துக்கு உடன் வரும் ஒரு மனிதராக வருகிறது. ‘பெரிய நன்மை எதுவும் விளையவில்லை’ என்கிறீர்கள். பெரிய நன்மைகளைத்தான் நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். வாக்களிப்பவர் எண்ணுவது, அவசரத்துக்குத் தட்டக்கூடிய கதவு எது என்பதை.

பிரெஞ்சு அரசியல் ஆய்வாளர் ஆந்த்ரே சீக்ஃப்ரீட் 1913-ல் மேற்குப் பிரான்சின் வாக்குகளை ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வந்தார். கருங்கல் நிலம் வலதுசாரிகளுக்கு வாக்களிக்கிறது, சுண்ணாம்பு நிலம் இடதுசாரிகளுக்கு வாக்களிக்கிறது என்று அவர் சொன்னதாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள், பாவம். அவருடைய விளக்கத்தில் பாறைக்கு நேரடி வேலை குறைவு. நிலம் யார் கையில் இருந்தது, வீடுகள் நெருங்கியிருந்தனவா சிதறிக் கிடந்தனவா, தேவாலயத்தின் பிடி எவ்வளவு என்பவற்றையே அவர் முதன்மையாகக் கணக்கில் எடுத்தார். பெருநிலக்கிழாரை அண்டி வாழ்ந்த பகுதிகள் ஒருவிதமாகவும், சொந்தமாகச் சிறுநிலம் வைத்திருந்தவர்களின் பகுதிகள் வேறுவிதமாகவும் வாக்களித்தன. யார் யாரைச் சார்ந்து பிழைக்கிறார்கள் என்பதே கேள்வி.

பத்தில் ஏழு என்ற உங்கள் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரின் மொத்தத்தைக் கொண்டு ஊராரின் மனத்தைப் படிக்க முயல்வது பிழையான வழி என்பதை 1950-ல் சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் கணக்கிட்டே காட்டிவிட்டார்: பகுதிகளுக்கிடையே தெரியும் தொடர்பு தனிமனிதர்களிடம் இல்லாமலும், சில வேளைகளில் தலைகீழாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் வாக்களிக்கச் சென்றவர்களில் பத்தில் மூன்று பங்கினர் மறுபக்கம் நிற்கிறார்கள். செல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. போட்டியில்லாத ஊரில் தோற்கும் பக்கத்தவர் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவதால், வென்றவரின் விகிதம் உள்ளதைவிட உயர்ந்து தெரிவதும் உண்டு. ‘வளர்ந்தவன்’ என்று உங்களைச் சொல்லிக்கொள்கிறீர்கள், இன்று அங்கே வசிக்கவில்லை என்று ஊகிக்கிறேன். படிப்புக்கும் வேலைக்கும் வெளியேறும் உங்களைப் போன்றோரின் வாக்கும் கூடவே வெளியேறுகிறது. மிஞ்சியவர்களின் கணக்கு ஒரே நிறமாகத் தெரிவதில் நீங்கள் புறப்பட்டுப் போனதற்கும் பங்குண்டு.

முடிந்தால் அதே ஊரின் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளை நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிந்த மனிதர் வேட்பாளராக நிற்கும்போதும் அந்த ஏழு பங்கு அசையாமல் இருந்தால், உங்கள் ‘பழக்கம்’ என்ற வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு என்று ஏற்றுக்கொள்வேன். கட்சி மாறி வாக்கு பிரிந்திருந்தால், எந்தெந்தச் சாவடியில் பிரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.