கிராமத்துப் பிள்ளைகளுக்கு இயற்கை மேல் அக்கறை உண்டா? அதை அவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அக்கறை உண்டா என்று நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்ததும் சும்மா கடந்துபோக முடியவில்லை. கோடை முகாம் நடத்த வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இது, நீங்களும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர்.

சில வருஷத்துக்கு முன்னால் 'இயற்கையைக் காப்போம்' என்று ஓர் ஓவியப் போட்டி. எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊர்க் கண்மாயை, அதாவது ஏரியை, வரைந்தான். உள்ளே வளர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம் என்ற வெளிநாட்டு முள்மரத்தை ஜேசிபி பிடுங்குகிறது, தள்ளி நாட்டுக்கருவேல மரத்தில் நாரை கூடு கட்டியிருக்கிறது, ஓரத்தில் அரிவாளால் வெட்டிவிட்ட ஒரு சீமைக்கருவேலத் தூரில், அதாவது அடிக்கட்டையில், பச்சையாகத் துளிர் விட்டிருக்கிறது. அந்தத் துளிர் எதற்கு என்று கேட்டேன். "மேலாக்க வெட்டுனா தழைச்சிரும் சார், தூரோட எடுக்கணும்" என்றான். நடுவர்கள், மரம் வெட்டுகிற படம் தலைப்புக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். பரிசு வாங்கியது பனிமலையும் அருவியும் போட்ட படம். எங்கள் மாவட்டத்தில் ஏறிப் பார்க்க ஒரு மலை கிடையாது.

  

மறுநாள் வகுப்பில் இதைப் பேசினோம். சீமைக்கருவேலம் எப்படிப் பரவுகிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆடு அந்த மஞ்சள் நெற்றை விரும்பித் தின்கிறது, புழுக்கையில் விதை விழுந்து முளைக்கிறது, ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு இது தினமும் கண்ணில் படுகிற விஷயம். அப்புறம் ஒரு பெண் எழுந்தாள். அவள் வீட்டில் கரிமூட்டம் போடுகிறார்கள். கருவை என்று நாங்கள் சொல்லும் சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கிற வேலை. "எல்லாத்தையும் பிடுங்கிட்டா எங்கப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டாள். வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் கண்மாய்க்குள்ளும், அதற்கு நீர் வரும் வரத்துக்காலிலும் இருப்பதை எடுத்துவிடலாம், தரிசுக் காட்டில் நிற்பதை விறகுக்கு விட்டுவிடலாம் என்று அவர்களாகவே பேசி முடித்தார்கள்.

சீமைக்கருவேலத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி வெட்டும் வேலை நடந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். தூரை விட்ட இடமெல்லாம் மறுபடி காடாகிவிட்டது என்பதுதான் வருத்தம். பக்கத்தில் நின்றாலே ஆடு மாடு மலடாகிவிடும் என்றெல்லாம் வாட்ஸப்பில் அனுப்புவது பெரியவர்கள்தான், பிள்ளைகள் பார்த்ததை மட்டும் சொன்னார்கள்.

கிராமத்துப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்றும் நான் சொல்ல வரவில்லை. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் என்றதும் பாதிப் பேர் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற முள்ளுக்காடுதான் ஊர் என்று இருக்கிறார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொன்ன பிறகுதான், கண்மாய்க்குள் இந்த முள் இல்லாத காலம் இருந்ததும், எந்த மடை எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பதும் தெரியவந்தது.

அதனால், மரம் நடுவோம் என்ற பதாகையோடு மட்டும் வராதீர்கள். முடிந்தால் கோடையில் வேண்டாம், கண்மாய் காய்ந்து கிடக்கும். மழை பெய்து நீர் நிற்கிற மார்கழி, தை மாதத்தில் வாருங்கள். பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன, இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக 2022இல் அறிவிக்கப்பட்டவை. பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டு, அவர்கள் காட்டுவதை முதலில் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள், செருப்பு மட்டும் கனமானதாகப் போட்டு வாருங்கள், கருவை முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும்.