வெல்டிங் மேசைக்கு 5 எம்எம் தகடு போதுமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் வீட்டுக் கொட்டகையில் 4 அடிக்கு 2½ அடி அளவில் வெல்டிங் மேசை செய்ய எண்ணியுள்ளேன். பழைய ஜிஐ பைப்பும் 5 எம்எம் தகடும் கைவசம் உள்ளன. அவை போதுமா? உப்புக்காற்றில் துருவேறாமல் காப்பது எப்படி?

பதில்: 5 எம்எம் தகடு வேலைப்பொருளின் எடையைத் தாங்கிவிடும், வெல்டு ஆறிச் சுருங்கும்போது இழுக்கும் இழுப்பைத்தான் தாங்காது. மேசையோடு டேக் (தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் சிறு புள்ளி வெல்டு) வைத்துப் பிடித்த கேட்டும் கிரில்லும் நேராக வர வேண்டுமானால் குறைந்தது 10 எம்எம் தகடு வேண்டும். நீங்கள் சொல்லும் அளவுக்கு அது ஏறத்தாழ 73 கிலோ வரும். செலவைக் குறைக்க நினைத்தால் வேறெதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

ஜிஐ பைப்பை ஒதுக்கிவிடுங்கள். இரும்பு உருக ஏறக்குறைய 1500 டிகிரி வெப்பம் தேவை. ஜிஐ பைப்பின்மேல் பூசிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகக் கிளம்பிவிடும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் கண்டுவிடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்பாதீர்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

சட்டத்துக்கு 50க்கு 50, 6 எம்எம் ஆங்கிள் போதுமானது. நான்கு மூலைகளிலும் டேக் மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவில் வருகின்றனவா என்று டேப்பால் பார்த்த பிறகே, ஒரு மூலையை முடித்ததும் அதன் எதிர்மூலைக்குப் போகும் வரிசையில் முழு வெல்டு வையுங்கள்.

மேல்தகட்டை மட்டும் சட்டத்தோடு வெல்டு செய்யாதீர்கள். என் முதல் மேசையில் சுற்றிலும் வெல்டு வைத்தேன். மறுநாள் காலையில் நேர்கோலை வைத்துப் பார்த்தபோது நடுவில் 3 எம்எம் பள்ளம் விழுந்திருந்தது, அதை நிமிர்த்த முடியவேயில்லை. தலை தகட்டுக்குள் அமரும் கவுண்டர்சங்க் போல்ட் ஆறு போட்டு இறுக்குங்கள். பின்பு நேர்கோலைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, அதன் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடத்தில் தகடு தாழ்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டைச் செருகிச் சரிசெய்யலாம்.

சட்டத்துக்குத் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு அடித்து அதன்மேல் பெயிண்ட் பூசுங்கள். மேல்தகட்டுக்குப் பெயிண்ட் கூடாது. வெல்டிங் மெஷினிலிருந்து வரும் எர்த் வயரின் கவ்வியான எர்த் கிளாம்ப் வெற்று இரும்பைப் பிடித்தால்தான் மின்சாரம் தடையின்றிப் பாயும். வேலை முடிந்ததும் மெல்லிய மெஷின் ஆயில் தடவிவிட்டு, அடுத்த முறை வெல்டு வைக்குமுன் அதைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாயைத் தகட்டின்மேல் படியவிட்டு மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, திறந்து கிடப்பதைவிட வேகமாகத் துருவேறும்; இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே வைத்து அதன்மேல் மூடுங்கள்.