ஆளில்லாக் குதிரைக்கு ஒரு குடை

கேள்வி: திரியாயிலுள்ள பழைய பௌத்தத் தூபித் தலமான கிரிகண்டு சேயாவுக்கு மாணவிகளை அழைத்துச் சென்றிருந்தேன். வட்டமாக நிற்கும் கற்றூண்களைச் சுற்றி வந்த ஒரு மாணவி, இந்தியாவின் சாஞ்சித் தூபியிலுள்ள தோரணவாயிற் சிற்பத்தின் படமொன்றை நினைவுகூர்ந்து, “அதில் ஏன் ஆளில்லாத குதிரை திரும்பத் திரும்ப வருகிறது? இங்கே ஏன் அப்படிக் கதைச் சிற்பங்கள் இல்லை?” என்று கேட்டாள். விளக்க முடியுமா?
– ஆசிரியை, உப்புவெளி, திருக்கோணமலை

பதில்: அந்த மாணவி கூர்ந்து பார்த்திருக்கிறாள். அவள் சொல்வது சாஞ்சிப் பெருந்தூபியின் கிழக்குத் தோரணத்து நடு விட்டத்தில் உள்ள காட்சி. பின்னாளில் புத்தரான அரசகுமாரர் சித்தார்த்தர் துறவு பூண்டு தம் நகரான கபிலவஸ்துவை நீங்கும் இரவு அது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட அந்தக் கல்லில் இருப்பவை பல குதிரைகள் அல்ல. கந்தகன் என்ற ஒரே குதிரைதான் இடப்புறத்து நகரிலிருந்து புறப்பட்டு வலப்புறமாகப் போகப் போக, வழியின் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் செதுக்கப்பட்டிருக்கிறது. குளம்பொலியில் ஊர் விழித்துவிடாதபடி தேவகணங்கள் அதன் கால்களைக் கையில் ஏந்தி வருகின்றன.

குதிரையின் முதுகு வெறுமையாக இருந்தாலும், அதற்கு மேலே பிடித்திருக்கும் குடையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அரசகுமாரர் அங்கே அமர்ந்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். வலக்கோடியில் குதிரை நின்றதும் குடை இரண்டு பாதச்சுவடுகளுக்கு மேலே போய்விடுகிறது, தேர்ப்பாகன் சன்னன் அவற்றை வணங்குகிறான். அதற்குக் கீழே அதே குதிரை குடையின்றி ஊர் திரும்புகிறது. பிரிவுத் துயரை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறொரு சிற்பத்தை நான் கண்டதில்லை.

புத்தரை உருவமாகக் காட்டாதது வழிபாட்டு மரபு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அத்தகைய சிற்பங்கள் பல, பிற்கால மக்கள் புனிதத் தலங்களை வணங்குவதையே காட்டுகின்றன என்று 1990இல் கலை வரலாற்றாய்வாளர் சூசன் ஹன்டிங்டன் வாதிட்டார். வேறு சிற்பங்களுக்கு அது பொருந்தலாம். கதை நிகழ்ந்துகொண்டே செல்லும் இந்தக் காட்சிக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் ஆந்திரத்து அமராவதித் தூபியின் சிற்பங்களில் புத்தர் மனித உருவிலும் வருகிறார். மதங்கொண்டு ஓடும் நளகிரி யானை, ஒரே வட்டச் சிற்பத்துக்குள் அவர் முன் மண்டியிடவும் செய்யும் காட்சியைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

திரியாயின் தூண்கள் சிறு தூபியைச் சூழ்ந்த கூரையைத் தாங்குவதற்காக நட்டவை. அவற்றில் கதைக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குன்றின் பாறையில், தென்னிந்தியப் பல்லவர் கால எழுத்தான பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், திரபுஸ்ஸகர், வல்லிகர் என்ற வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் வடமொழிக் கல்வெட்டு உள்ளது. புத்தர் ஞானம் பெற்றதும் அவருக்கு முதலுணவு அளித்தவர்களாகப் போற்றப்படும் இரு வணிகர்களின் பெயர்களே அவை. அடுத்த முறை அந்தப் பாறையையும் மாணவிகளுக்குக் காட்டுங்கள்.