பி-மரம் பற்றிக் கேளுங்கள்

காத்தான்குடியிலிருந்து ஒரு மாணவி: சேர், கணு நிரம்பிவிட்டால் என்ன நடக்கும்? நோட்ஸில் படம் மட்டும்தான் இருக்கிறது.

தங்கச்சி, பி-மரம் என்பது தரவுத்தளம் பதிவுகளை வேகமாகத் தேட வைத்திருக்கும் அமைப்பு. அதன் ஒவ்வொரு பெட்டியும் ஒரு கணு, உள்ளே வரிசையாக நிற்கும் பெறுமதிகள் சாவிகள். கொப்பியில் போட்டுப் பாருங்கள். ஒரு கணு 4 சாவிகள்தான் கொள்ளும் என்று வைப்போம்: 10, 20, 30, 40. இப்போது 25 வருகிறது. வரிசையில் நடுவில் நிற்பது 25தான். அது மேலே தாய்க்கணுவுக்குப் போகும். இடப்பக்கம் 10, 20. வலப்பக்கம் 30, 40 என்று இரண்டு கணுக்கள். தாயும் நிரம்பியிருந்தால் அதுவும் பிளக்கும். வேரே பிளந்தால் அதற்கு மேலே புது வேர் ஒன்று வரும். மரம் உயர்வது வேர்ப்பக்கம் மட்டுமே, அதனால் இலைகள், அதாவது அடிமட்டக் கணுக்கள், எல்லாம் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். 1970இல் போயிங் ஆய்வுகூடத்தில் பேயரும் மெக்ரைட்டும் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டின் அழகே அதுதான்.

கல்முனை: காக்கா, பைனரி மரம் போதாதா?

கணுவுக்கு 500 கிளை என்றால் 3 மட்டத்தில் 12 கோடியே 50 இலட்சம் பதிவுகளை எட்டலாம். கணுவுக்கு இரண்டே கிளை உள்ள பைனரியில் 27 மட்டம். ஒவ்வொரு மட்டமும் டிஸ்க்கை ஒருமுறை வாசிக்க வைக்கலாம்.

ஏறாவூர்: அட்டவணையின் எல்லா நிரலுக்கும் (column) இன்டெக்ஸ் போடலாமா?

வேண்டாம். இன்டெக்ஸ் என்பது ஒரு நிரலில் தேட உதவும் இத்தகைய மரம்தான். ஒரு நிரை (row) சேரும்போது ஒவ்வொரு இன்டெக்ஸ் மரத்திலும் எழுத வேண்டும். தேடாத நிரலுக்கு இன்டெக்ஸ் போடாதீர்கள்.

அக்கரைப்பற்று: எங்கள் நெல் ஆலை மென்பொருளில் ஒவ்வொரு நிரையையும் அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக யூயூஐடி (16 பைட் அடையாளக் குறி) வைத்தோம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வரவர மெதுவாகிறது.

தாறுமாறாக வரும் நான்காம் பதிப்பு யூயூஐடி என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். மைஎஸ்கியூஎல் தரவைச் சேமிக்கும் இன்னோடிபியில் நிரைகளே முதன்மைச் சாவி மரத்தின் இலைகளில்தான் கிடக்கின்றன. ஒரு கணு ஒரு பக்கம், இயல்பாக 16 கிலோபைட். ஏறுவரிசை எண் என்றால் கடைசி இலையிலேயே சேர்ந்துகொண்டு போகும். தாறுமாறான சாவி எங்கோ ஓர் இலையைப் பிளக்கும், பக்கங்கள் அரைகுறையாக நிற்கும். மற்ற இன்டெக்ஸ்களும் அதே 16 பைட் சாவியைச் சுமக்கும். ஏறுவரிசை எண்ணுக்கு மாறுங்கள்.

ஆரையம்பதி: அண்ணா, இதை ஏற்கமாட்டேன். ஆலையின் இரண்டு கிளை நிலையங்கள் இணையம் இல்லாத நேரம் பில் போட்டால் இரண்டிலும் 501 வருமே?

நியாயமான மறுப்பு. அப்படியானால் ஏழாம் பதிப்பு யூயூஐடி எடுங்கள். 2024இல் தரமானது, முன்பகுதியில் நேரம் இருப்பதால் ஏறக்குறைய வரிசையாகவே வரும்.

ஆரையம்பதி: அதுவும் 16 பைட்தானே?

ஆம், அந்தச் சுமை தீராது. தீர்வது பிளவு. அக்கரைப்பற்றுத் தம்பி, உங்களுக்கு எத்தனை கிளை?

அக்கரைப்பற்று: ஒன்றுதான்.

அப்போ எண்ணே போதும்.

வாழைச்சேனை: பைனரி மரம் ஏன் கூடாது?

மேலே கல்முனைக்குச் சொல்லிவிட்டேன், வாசியுங்கள்.

சம்மாந்துறை: ஹாஷ் இன்டெக்ஸ் வேகம் என்கிறார்களே?

ஒரே பெறுமதியைத் தேட, சரி. ஹாஷ் சாவிகளை வரிசையாக வைக்காது, அதனால் ஜனவரி முதல் மார்ச் வரையான பில்களை வரிசையாக எடுக்க உதவாது.

கல்லடி: தேடல் மெதுவாக இருக்கிறது, எல்லா நிரலுக்கும் இன்டெக்ஸ் போட்டேன்.

ஏறாவூருக்குச் சொன்னதுதான். முதலில் தரவுத்தளம் தேடும் வழியைக் காட்டும் எக்ஸ்பிளெயின் கட்டளையை ஓட்டி, எந்த இன்டெக்ஸ் பயன்படுகிறது என்று பாருங்கள். அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள். அதன் பிறகு பேசுவோம்.